அறிகுறிக்கு முன்பே சுருங்கும் மூளை: ஹன்டிங்டன் நோயும் எம்.ஆர்.ஐ. ஆய்வுகளும்

ஹன்டிங்டன் நோய் வரப்போகும் ஒருவரை, அதன் முதல் அறிகுறி தென்படுவதற்கு இருபது, முப்பது ஆண்டுகள் முன்பே ஓர் இரத்தப் பரிசோதனையால் அடையாளம் காண முடியும். மருத்துவத்தில் இப்படிப்பட்ட நோய்கள் மிகச் சில. அல்சைமர், பார்க்கின்சன் போன்றவற்றில் பெரும்பாலும் நோயாளி மருத்துவரைத் தேடி வந்த பிறகே விஷயம் தெரியவருகிறது. அதற்குள் மூளையில் பெரும் சேதம் நடந்து முடிந்திருக்கும். ஹன்டிங்டனில் யாருக்கு வரும் என்பது தெரிந்திருப்பதால், நல்ல உடல்நலத்தோடு நடமாடுபவரின் மூளையை ஆண்டுதோறும் படமெடுத்து, நோய் எந்த இடத்தில், எந்த வேகத்தில் காலூன்றுகிறது என்று பார்க்க முடிகிறது. கடந்த இருபது ஆண்டுகளில் இந்த வழியில் கிடைத்த அறிவு பெரிது. அதைத் தவறாகக் கையாண்டால், நலமாக வாழும் ஒருவரைக் காலத்துக்கு முன்பே நோயாளியாக்கிவிடும் ஆபத்தும் பெரிது. இரண்டையும் சேர்த்து எடைபோட்டால்தான் மூளைப் படத்தை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பது தெளிவாகும்.

தலைமுறைகளைத் தொடரும் நோய்

1872-இல் ஜார்ஜ் ஹன்டிங்டன் என்ற இளம் அமெரிக்க மருத்துவர் இந்த நோயைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு வயது 22. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் அவருடைய பாட்டனாரும் தந்தையும் மருத்துவர்களாக இருந்தவர்கள். அவர்கள் பல்லாண்டுகள் பார்த்துவந்த குடும்பங்களின் அனுபவமும் சேர்ந்ததால், நோய் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கும் விதத்தை அவரால் துல்லியமாகச் சொல்ல முடிந்தது.

பெரும்பாலும் 35 முதல் 50 வயதுக்குள் நோய் வெளிப்படுகிறது. கை, கால், முகம் தன்னிச்சையாக அசையத் தொடங்கும். திட்டமிடுவதும் கவனத்தை நிறுத்துவதும் கடினமாகும். எரிச்சல், மனச்சோர்வு, எதிலும் பற்றின்மை ஆகியவை அசைவுகளுக்கு முன்பே தலைகாட்டலாம். அதன்பின் பதினைந்து, இருபது ஆண்டுகளில் நடை, பேச்சு, விழுங்குதல் என ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும். தாய், தந்தை இருவரில் ஒருவருக்கு நோய் இருந்தால், ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு.

காரணமான மரபணுவைத் தேடிய முயற்சியின் மையத்தில் இருந்தவர் நான்சி வெக்ஸ்லர். அவருடைய தாய் இந்த நோயால் இறந்தவர். வெனிசுலாவில் மராக்கைபோ ஏரிக்கரையில் இந்நோய் செறிந்திருந்த மீனவக் கிராமங்களுக்கு 1979 முதல் சென்று, பரந்த குடும்ப மரங்களை அவரது குழு வரைந்தது. ஆயிரக்கணக்கானோரின் இரத்த மாதிரிகளைத் திரட்டியது. அவற்றின் துணையோடு மரபணு நான்காம் குரோமோசோமில் இருப்பதை ஜேம்ஸ் குசெல்லாவின் குழு 1983-இல் காட்டியது. மரபணுவே 1993-இல் பிடிபட்டது. அதில் சி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்துத் தொடர் அடுத்தடுத்துத் திரும்ப வருகிறது. 26 முறை வரை வந்தால் இயல்பு. 36 முதல் 39 வரை என்றால் நோய் வரலாம், வராமலும் போகலாம். 40-ம் அதற்கு மேலும் என்றால், இயல்பான ஆயுள் வாழ்பவருக்கு நோய் நிச்சயம். எண்ணிக்கை கூடக்கூட நோய் தொடங்கும் வயது குறைகிறது.

இந்த எண்ணிக்கையையும் வயதையும் வைத்து, ஒருவர் நோயின் வெளிப்பாட்டுக்கு ஏறத்தாழ எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்று கணக்கிடலாம். ஆனால் ஒரே எண்ணிக்கை உள்ள இருவருக்கு இடையே பத்து ஆண்டுகளுக்கு மேலும் வித்தியாசம் வருவதுண்டு. மூளைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை மரபணுப் பரிசோதனை காட்டாது. அதற்கு மூளையையே பார்த்தாக வேண்டும்.

முதலில் அடிபடும் இடம்

மூளையின் ஆழத்தில், அசைவையும் பழக்கத்தையும் முடிவெடுத்தலையும் நெறிப்படுத்தும் இரண்டு நரம்பணுத் திரள்கள் உள்ளன: காடேட், புட்டமென். இரண்டையும் சேர்த்து ஸ்ட்ரையேட்டம் என்பார்கள். ஹன்டிங்டனில் முதலில் அடிபடுவது இவைதான்.

1985-இல் ஜான் பால் வான்சாட்டலும் அவருடைய சகாக்களும் பாஸ்டனில் இந்நோயாளிகளின் மூளைகளை இறப்புக்குப் பின் ஆராய்ந்து, சேதத்தைப் படிநிலைகளாகப் பிரித்தார்கள். அதில் மிகத் தொடக்கநிலையான சுழியப் படியில் மூளை வெறும் கண்ணுக்கு இயல்பாகவே இருக்கும். ஆனால் நுண்ணோக்கியின் கீழ் எண்ணிப் பார்த்தால் காடேட்டின் தலைப்பகுதியில் 30 முதல் 40 விழுக்காடு நரம்பணுக்கள் ஏற்கெனவே அழிந்திருக்கும். நோயின் அமைதியான காலம் எவ்வளவு நீண்டது என்பதற்கு இது வலுவான சான்றாக அமைந்தது.

உயிரோடு இருப்பவரிடம் இதைப் பார்க்கும் வழி பெட் ஸ்கேன் வாயிலாகத் திறந்தது. 1982-இல் லாஸ் ஏஞ்சலஸில் டேவிட் கூல் தலைமையிலான குழு, காடேட் குளுக்கோஸை எடுத்துக்கொள்வது குறைந்துபோவதைக் காட்டியது. அப்பகுதி சுருங்காத நிலையிலும் இந்தக் குறைவு தெரிந்தது. ஆனால் பெட் ஸ்கேனுக்குக் கதிரியக்க மருந்தை உடலில் செலுத்த வேண்டும். நலமாக இருப்பவரிடம் அதை ஆண்டுதோறும் செய்வது எளிதல்ல. காந்தப்புலத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ.-யில் கதிர்வீச்சு இல்லை. நீண்ட காலத் தொடர் ஆய்வுக்கு அது ஏற்ற கருவியாயிற்று.

நான்கு நகரங்களில் 366 பேர்

அயோவா பல்கலைக்கழகத்தில் ஜேன் பால்சன் தலைமையில் தொடங்கிய பிரடிக்ட்-எச்டி என்ற ஆய்வு, மரபணு மாற்றம் இருப்பதாகத் தெரிந்தும் நோய் வெளிப்படாத நூற்றுக்கணக்கானோரைப் பல நாடுகளில் தொடர்ந்தது. ஸ்ட்ரையேட்டம் சுருங்குவது, நோயறிதல் நடக்கக்கூடிய காலத்துக்குப் பத்து, பதினைந்து ஆண்டுகள் முன்பே தென்படுகிறது என்பதை அது நிறுவியது.

அடுத்து வந்த டிராக்-எச்டி இன்னும் குறுகிய நோக்கம் கொண்டது. ஒரு மருந்தைச் சோதிக்கும் நாள் வந்தால் எதை அளப்பது என்று கண்டறிவதே அதன் வேலை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் சாரா டப்ரிசி தலைமையில் லண்டன், பாரிஸ், நெதர்லாந்தின் லைடன், கனடாவின் வான்கூவர் ஆகிய நான்கு நகரங்களில் 2008-இல் அது தொடங்கியது. மரபணு மாற்றம் இருந்தும் அறிகுறி இல்லாதவர்கள் 120 பேர். தொடக்கநிலை நோயாளிகள் 123 பேர். ஒப்பீட்டுக்கு, மாற்றம் இல்லாதவர்கள் 123 பேர். ஒப்பீட்டுக் குழுவில் பலர் நோயாளிகளின் கணவர், மனைவி, உடன்பிறந்தோர். எல்லோரும் ஆண்டுக்கு ஒருமுறை வந்து ஸ்கேன் எடுத்துக்கொண்டதோடு, விரலால் சீராகத் தட்டுவது, நாக்கை நீட்டி ஒரே விசையில் அழுத்திப் பிடிப்பது, முகங்களில் உணர்ச்சியை அடையாளம் காண்பது, மணங்களைப் பிரித்தறிவது எனப் பல சோதனைகளையும் செய்தார்கள்.

ஓராண்டு முடிவுகள் 2011-இல் வெளிவந்தன. அறிகுறியே இல்லாதவர்களின் காடேட், ஒப்பீட்டுக் குழுவினரைக் காட்டிலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 1.4 விழுக்காடு கூடுதலாகச் சுருங்கியிருந்தது. தொடக்கநிலை நோயாளிகளில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய 2.9 விழுக்காடு. மூளை முழுவதும் சுருங்கும் வேகமும் இரு குழுவிலும் கூடியிருந்தது. அதே பன்னிரண்டு மாதங்களில், அறிகுறி இல்லாதவர்களின் நினைவாற்றலிலும் செயல்திறனிலும் பெரும்பாலான சோதனைகள் எந்தச் சரிவையும் காட்டவில்லை.

இரண்டு துளி அளவு

1.4 விழுக்காடு என்றால் எவ்வளவு என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு இருபக்கக் காடேட்டும் சேர்ந்து ஏழெட்டு மில்லிலிட்டர்தான். அதில் 1.4 விழுக்காடு என்பது சுமார் 0.1 மில்லிலிட்டர், சொட்டுக்குழலிலிருந்து விழும் இரண்டு துளித் தண்ணீரின் அளவு. ஓராண்டில் ஏற்படும் இந்த மாற்றத்தைத்தான் மண்டையோட்டுக்கு வெளியே இருந்து பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு முப்பரிமாணப் படம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள இலட்சக்கணக்கான சிறு கனசதுரங்களால் ஆனது. இரண்டு படங்களிலும் காடேட்டின் எல்லையைத் தனித்தனியாக வரைந்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால், வரைவதில் நேரும் பிழையே மாற்றத்தைவிடப் பெரிதாகிவிடும். ஆகவே நிக் ஃபாக்ஸும் அவருடைய சகாக்களும் 1990-களில் லண்டனில் உருவாக்கிய முறை ஒன்றைப் பயன்படுத்தினார்கள். இரண்டாம் ஆண்டுப் படத்தைக் கணினியில் திருப்பி, நகர்த்தி முதலாண்டுப் படத்தின் மேல் அச்சுப் பிசகாமல் பொருத்துவார்கள். பிறகு மூளைத் திசு முடிந்து மூளைத் தண்டுவட நீர் தொடங்கும் விளிம்பில் வெளிச்சம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். விளிம்பு உள்நோக்கி நகர்ந்த தொலைவை எல்லாப் புள்ளிகளிலும் கூட்டினால், இழந்த கன அளவு கிடைத்துவிடும்.

இந்த அளவு நுட்பத்தில் சிறு தவறும் பெரிதாகத் தெரியும். ஸ்கேனரில் படுத்திருப்பவர் தலையைச் சற்று அசைத்தால் விளிம்பு மங்கும். கட்டுப்பாடற்ற அசைவே அறிகுறியான நோயில் இது அன்றாடச் சிக்கல். உடலில் நீர்ச்சத்து குறைந்திருந்தாலே மூளையின் அளவு சிறிது மாறும். ஸ்கேனரை மாற்றினாலோ, அதன் மென்பொருளைப் புதுப்பித்தாலோ முந்தைய ஆண்டோடு ஒப்பிடுவது சிக்கலாகும். அதனால்தான் நான்கு நகரங்களிலும் படமெடுக்கும் முறை ஒன்றாக வகுக்கப்பட்டது; படங்களை அளந்தவர்களுக்கு அவை யாருடையவை, எந்தக் குழுவைச் சேர்ந்தவை என்பது மறைக்கப்பட்டது. எண்களுக்குக் கிடைத்த நம்பகத்தன்மை இந்தக் கட்டுப்பாட்டால் வந்தது.

சேதம் நடந்தும் செயல் குறையாத காலம்

மூளை சுருங்கிக்கொண்டிருக்கும்போது மனிதர் எப்படி இயல்பாக இருக்கிறார்? டிராக்-எச்டியைத் தொடர்ந்து நடந்த டிராக்ஆன்-எச்டி ஆய்வு இதைப் பார்த்தது. மூளையின் செயல்பாட்டைக் காட்டும் எம்.ஆர்.ஐ.-யில், சேதம் கூடியவர்கள் தங்கள் மூளையின் பிற பகுதிகளைக் கூடுதலாக ஈடுபடுத்தி அதே வேலையைச் செய்து முடிப்பது தெரிந்தது. ஈடுகட்டும் இந்தத் திறன் தீரும் கட்டத்தில்தான் நோய் வெளியே தெரிகிறது எனலாம்.

இன்னும் முன்னே போனால் என்ன தெரியும் என்று 2020-இல் வெளியான இளையோர் ஆய்வு காட்டியது. நோய் வெளிப்படச் சராசரியாக 24 ஆண்டுகள் இருந்த 64 பேரையும், ஒப்பீட்டுக்கு 67 பேரையும் லண்டன் குழு பரிசோதித்தது. சிந்தனையிலோ மனநிலையிலோ குறிப்பிடத்தக்க குறைபாடு எதுவும் இல்லை. ஆனால் புட்டமென் சற்றுச் சிறுத்திருந்தது. நரம்பணு சிதையும்போது கசியும் நியூரோஃபிலமென்ட் என்ற புரதம், மூளைத் தண்டுவட நீரில் பாதிப் பேருக்கு மேல் கூடியிருந்தது. ஆக, கால் நூற்றாண்டுக்கு முன்பே சிதைவின் தடயம் இருக்கிறது. செயல்திறன் மட்டும் முழுமையாக இருக்கிறது. சிகிச்சைக்கு இதைவிடப் பொருத்தமான காலம் வேறில்லை.

இந்த நீண்ட இடைவெளிக்கான காரணமும் இப்போது துலங்கி வருகிறது. பிறக்கும்போது 40-ஐ ஒட்டி இருக்கும் சி-ஏ-ஜி தொடர், ஸ்ட்ரையேட்டத்தின் நரம்பணுக்களுக்குள் வாழ்நாள் முழுவதும் மெல்ல மெல்ல நீள்கிறது. ஸ்டீவன் மெக்கரோலின் குழு 2025-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அது ஏறத்தாழ 150-ஐத் தாண்டிய பிறகே அந்த அணு நிலைகுலைகிறது. இளையோர் ஆய்வில் பங்கேற்றவர்களை மீண்டும் பரிசோதித்தபோது, இரத்த அணுக்களில் இந்த நீட்சி வேகமாக இருந்தவர்களுக்கு ஸ்ட்ரையேட்டமும் வேகமாகச் சுருங்கியது தெரிந்தது. மரபணுவில் நடப்பதும் படத்தில் தெரிவதும் இங்கே ஒன்றாக இணைகின்றன.

மருந்துச் சோதனையில் படத்தின் வேலை

அறிகுறி இல்லாதவரிடம் ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது? அறிகுறி தோன்றும்வரை காத்திருந்தால் இருபது ஆண்டுகள் ஆகும். அவ்வளவு காலம் ஒரு சோதனையை யாராலும் நடத்த முடியாது. இடைக்கால அளவுகோல் வேண்டும். 2022-இல் பன்னாட்டு ஆய்வாளர்கள் ஒன்றுகூடி நோயை நான்கு நிலைகளாக வகுத்தார்கள். மரபணு மாற்றம் மட்டும் இருப்பது சுழிய நிலை. காடேட் அல்லது புட்டமென் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சுருங்கினால் முதல் நிலை. அறிகுறி தோன்றினால் இரண்டாம் நிலை. அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டால் மூன்றாம் நிலை. நோயின் ஒரு கட்டத்தையே எம்.ஆர்.ஐ. அளவு தீர்மானிப்பது இந்த நோயில் இதுவே முதல்முறை. இது ஆய்வுக்காக வகுக்கப்பட்டது. மருத்துவமனையில் ஒருவருக்கு முத்திரை குத்துவதற்காக அல்ல என்பதையும் அவர்கள் தெளிவாகச் சொன்னார்கள்.

படம் தனித்து நின்று தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதற்கும் உதாரணம் உண்டு. நோய்க்குக் காரணமான மரபணு உருவாக்கும் புரதத்தைக் குறைக்கும் டோமினெர்சென் என்ற மருந்தை 791 பேரிடம் சோதித்த பெரிய ஆய்வு, 2021 மார்ச்சில் மருந்து கொடுப்பதை நிறுத்தியது. அதிக முறை மருந்து பெற்றவர்களின் நிலை, வெற்று ஊசி பெற்றவர்களைவிட மோசமாகியிருந்தது. மூளைக்குள் நீர் நிறைந்த அறைகள் விரிந்திருப்பதையும் ஸ்கேன் காட்டியது. அந்த விரிவுக்குக் காரணம் திசு இழப்பா, நீரோட்டத்தில் ஏற்பட்ட மாற்றமா என்பதைப் படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியவில்லை. இரத்தம், தண்டுவட நீர், உடல் பரிசோதனை எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால்தான் படத்துக்குப் பொருள் கிடைக்கும்.

2025 செப்டம்பரில் யுனிக்யூர் நிறுவனம் தன் ஏஎம்டி-130 என்ற மரபணுச் சிகிச்சையின் முடிவை அறிவித்தது. எம்.ஆர்.ஐ. வழிகாட்ட, அறுவை சிகிச்சை மூலம் மருந்து நேராகக் காடேட்டுக்கும் புட்டமெனுக்கும் செலுத்தப்படுகிறது. அதிக அளவு மருந்து பெற்று மூன்று ஆண்டுகளை நிறைவுசெய்த 12 பேரிடம் நோயின் வேகம் 75 விழுக்காடு குறைந்ததாக நிறுவனம் தெரிவித்தது. ஒப்பீட்டுக்கு வைக்கப்பட்டவர்கள் சிகிச்சை பெறாதவர்கள். என்ரோல்-எச்டி என்ற பன்னாட்டுத் தொடர் ஆய்வில் ஆண்டாண்டாகத் தங்கள் நிலையைப் பதிவு செய்தவர்கள். எண்ணிக்கை சிறியது; இத்தகைய ஒப்பீடு ஒப்புதலுக்குப் போதுமா என்ற கேள்வியும் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பிலிருந்து எழுந்திருக்கிறது. ஆகவே நிதானம் வேண்டும். ஆனால் ஒன்று உறுதி. இந்தச் சிகிச்சையைச் செலுத்தக் காடேட்டிலும் புட்டமெனிலும் குறைந்தபட்ச அளவுத் திசு மீந்திருக்க வேண்டும். நோய் முற்றும்வரை காத்திருந்தால் மருந்து போய்ச் சேர இடமே இருக்காது.

தமிழகத்துக்கும் உரிய கேள்வி

ஐரோப்பிய வம்சாவளியினரோடு ஒப்பிட்டால் ஆசியாவில் ஹன்டிங்டன் குறைவு. ஆனால் இதே வகையில், மூன்றெழுத்துத் தொடர் நீள்வதால் வரும் வேறொரு நோய் நம் ஊரிலேயே இருக்கிறது. நடை தள்ளாடி, பேச்சு குழறும் ஸ்பைனோசெரிபெல்லர் அட்டாக்சியா முதல் வகை, தமிழகத்தில் ஒரு சமூகத்தினரிடையே மிக அதிகமாகக் காணப்படுவதை 2005-இல் நியூராலஜி இந்தியா இதழில் வந்த ஆய்வு பதிவு செய்தது. ஐரோப்பாவில் இந்நோயின் மரபணு மாற்றம் உள்ள, ஆனால் தள்ளாட்டம் தொடங்காதவர்களைப் படமெடுத்துப் பார்த்தபோது, மூளைத்தண்டிலும் சிறுமூளையிலும் திசு குறைந்திருப்பது தெரிந்தது. ஹன்டிங்டனில் உருவான முறைகள் இங்குள்ள குடும்பங்களுக்கும் பயன்படக்கூடியவை.

அப்படிப் பயன்படும் நாளில், ஹன்டிங்டன் குடும்பங்கள் பட்டறிந்து வகுத்த ஒழுங்கையும் நாம் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். பெற்றோருக்கு நோய் இருப்பது தெரிந்தும், பெரும்பாலான நாடுகளில் ஐவரில் ஒருவருக்கும் குறைவானவர்களே மரபணுப் பரிசோதனை செய்துகொள்கிறார்கள். மற்றவர்கள் அறியாமலிருக்கவே விரும்புகிறார்கள். குணப்படுத்தும் மருந்து இல்லாதபோது அது முழுக்க நியாயமான முடிவு. 1994-இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு நெறிமுறை, பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை கட்டாயம் என்றும், அறிகுறி இல்லாத சிறார்களைப் பரிசோதிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. மூளைப் படத்துக்கும் இதே விதி பொருந்தும். காடேட் சிறுத்திருக்கிறது என்று ஒருவரிடம் சொல்வது, மரபணுப் பரிசோதனையின் முடிவைப் பின்வாசல் வழியாகச் சொல்வதற்குச் சமம்.

இன்னொன்றும் இருக்கிறது. மேலே சொன்ன எண்கள் எல்லாம் குழுக்களின் சராசரி. இரண்டு துளி வித்தியாசம் நூறு பேரின் சராசரியில் தெளிவாகத் தெரியும். ஒரு தனிமனிதரின் இரண்டு படங்களுக்கு இடையே அது அளவைப் பிழைக்குள் மறைந்துவிடக்கூடும். காடேட்டின் இயல்பான அளவே ஆளுக்கு ஆள் மாறுபடும். ஒருவருக்கு நோய் எந்த ஆண்டில் வரும் என்று ஒரு ஸ்கேனைப் பார்த்துச் சொல்ல இன்றைக்கு யாராலும் முடியாது. சொல்வதாக யாரேனும் விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

இப்படிப்பட்ட தகவல் எங்கே போய்ச் சேரும் என்பதும் கவலைக்குரியது. அமெரிக்காவில் 2008-இல் வந்த சட்டம், வேலையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் மரபணுத் தகவலின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ஆனால் ஆயுள் காப்பீட்டை விட்டுவிட்டது. பிரிட்டனில் 5 இலட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட ஆயுள் காப்பீட்டுக்கு முன்னறிவுப் பரிசோதனையின் முடிவைக் கேட்கலாம் என்று அனுமதிக்கப்பட்டிருக்கும் ஒரே நோய் ஹன்டிங்டன்தான். இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டமே இல்லை.

மூளைப் படம் மருந்தை எடைபோடும் கருவியாக இருக்கும்வரை அது நன்மை. மனிதரை எடைபோடும் கருவியாக மாறினால் தீமை. இந்த ஆய்வுகளில் ஆண்டுதோறும் வந்து படுத்தவர்கள் தங்களுக்கு உடனடிப் பலன் எதுவும் இல்லை என்று தெரிந்தே வந்தார்கள். அவர்கள் தந்த அளவுகளால்தான் நோய் வெளிப்படும் முன்பே தடுக்கும் மருந்தைச் சோதிக்கும் வழி பிறந்திருக்கிறது. அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு மூன்று: மரபுவழி நரம்பு நோய்கள் உள்ள குடும்பங்களுக்கு மரபணு ஆலோசனை அரசு மருத்துவமனைகளில் கிடைக்கச் செய்ய வேண்டும், இங்குள்ள நோயாளிகளை முறையாகப் பதிவு செய்து, வரப்போகும் மருந்துச் சோதனைகளில் அவர்களுக்கும் இடம் பெற்றுத் தர வேண்டும், மரபணுவையோ மூளைப் படத்தையோ காரணம் காட்டி வேலையும் காப்பீடும் மறுக்கப்படாமல் இருக்கச் சட்டம் இயற்ற வேண்டும். மருந்து வந்த பிறகு செய்துகொள்ளலாம் என்று இவற்றைத் தள்ளிப்போடக் கூடாது.